பிறந்த ஊரில் நிருபராக இருப்பது: கடலூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: "ஐயா, நான் கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு மீனவ கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 25. இதழியல் படித்துவிட்டு, ஒரு தமிழ் நாளிதழுக்குக் கடலூர் பகுதி நிருபராக வேலை செய்கிறேன். அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா துறைமுகத்தில் மீனை ஏலத்தில் எடுத்து விற்கிறார். சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் அரசு தந்த நிவாரணத் தொகைக்கான எங்கள் ஊர்ப் பட்டியலில், கடல் தொழிலோடு தொடர்பே இல்லாத சிலருடைய பெயர்கள் இருப்பதாக ஒரு செய்தி எழுதினேன். வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டு, தெரிந்த இரண்டு பேரிடம் உறுதி செய்துகொண்டு எழுதியது. செய்தி வந்த மறுநாள் ஊர்க் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்து, 'உன் பெண் ஊர் விஷயத்தை வெளியே கொண்டு போகிறாள்' என்று கண்டித்தார்கள். அதற்குப் பிறகு என் ஊரைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அலுவலகத்திலோ, செய்தியோடு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும் என்கிறார்கள். அதிலும் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளிடம் கேட்கச் சொல்கிறார்கள். சென்னையில் ஓர் இணையச் செய்தி நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு அந்த ஊரைப் பற்றி நேர்மையாக எழுத முடியுமா? இல்லை, கிளம்பிவிடலாமா?"

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், முடியும் என்பதே. மாவட்ட நிருபராகவும் பிறகு செய்தி ஆசிரியராகவும் இந்தக் கடற்கரையில் வேலை பார்த்த காலம் முழுவதும், ஊரை அறிந்த ஒருவர் நேரில் போய் எழுதிய செய்திக்கும் தொலைபேசியில் கேட்டு எழுதப்பட்ட செய்திக்கும் உள்ள வேறுபாட்டை நான் பார்த்து வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு பழக்கத்தை நீங்கள் உறுதியாகக் கைக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெண்ணாக உங்களுக்குத் தெரிந்திருப்பது ஒன்று. நிருபராக நீங்கள் விசாரித்து அறிந்தது வேறொன்று. முதலாவது, எங்கே போய் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை உங்களுக்குக் காட்டும். அச்சில் ஏற வேண்டியது இரண்டாவது மட்டுமே. உங்கள் கடிதத்தில் உள்ள துன்பத்தில் பெரும்பகுதி, இந்த இரண்டும் கலந்துபோனதால் வந்தது என்று நினைக்கிறேன்.

அந்த நிவாரணச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அது எழுதப்பட வேண்டிய செய்தி என்பதில் எனக்கு ஐயமில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. அந்தக் காலத்துக்காக மீனவர் குடும்பம் ஒன்றுக்கு 8,000 ரூபாய் நிவாரணமாகத் தரப்படுகிறது. அது பொதுப் பணம். உரிய குடும்பம் விடுபட்டு வேறொரு பெயர் ஏறியிருந்தால், இழப்பு உங்கள் ஊரின் ஏழைக் குடும்பத்துக்குத்தான். அதனால் அதை ஊர் விஷயம் என்று சொல்லி மூடிவைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இதில் நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

எழுதிய முறையில்தான் குறை. வீட்டில் காதில் விழுந்ததைத் தெரிந்த இருவர் ஆமோதித்தார்கள் என்கிறீர்கள். அவர்களுக்கும் அது அதே ஊர்ப் பேச்சின் வழியாகவே தெரிந்திருக்கக்கூடும். அப்படியானால் நீங்கள் மூன்று பேரிடம் கேட்டும் கிடைத்தது ஒரே தகவல்தான். பட்டியலை உங்கள் கண்ணால் பார்த்ததாகவோ, மீன்வளத் துறை அலுவலகத்தில் விளக்கம் கேட்டதாகவோ கடிதத்தில் இல்லை. பட்டியலில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவும் இல்லை. செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாளை ஒருவர், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்குத் தொடுத்தால், நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்ற உங்கள் அப்பாவின் கையிலும் ஒன்றும் இல்லை என்பதுதான். துறையின் பட்டியலிலேயே இன்ன வரிசையில் இந்தப் பெயர் இருக்கிறது என்று அவர் சொல்ல முடிந்திருந்தால், கேள்வி பட்டியலைத் தயாரித்தவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். ஆவணம் இல்லாததால், வீட்டுப் பேச்சை வெளியே சொன்ன பெண் என்ற இடத்திலேயே அது நின்றுவிட்டது.

எனவே அதே செய்தியை மறுபடியும், இந்த முறை ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்களில் ஒதுக்கப்பட்ட தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட்டு வைக்க வேண்டும் என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி முதலில் வாய்மொழியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு ஒன்றைப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை; 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்; தராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவில், இந்தப் பெயரை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேட்டுப் பெறலாமே தவிர, விளக்கம் கேட்டுப் பெற முடியாது. உங்கள் கிராமத்துக்கு இந்த ஆண்டும் சென்ற ஆண்டும் எத்தனை குடும்பங்கள், புதிதாகச் சேர்ந்த பெயர்கள் எவை, நீக்கப்பட்டவை எவை, சேர்க்கைக்கு யார் பரிந்துரைத்தார் என்று, நகல் தரக்கூடியவற்றை மட்டும் கேளுங்கள். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் போன்றவற்றைக் கேட்க வேண்டாம். அவை உங்களுக்குத் தேவையும் இல்லை, அவற்றைக் காரணம் காட்டி மனு முழுவதையும் மறுத்துவிட இடம் தந்ததாகவும் ஆகும்.

பட்டியல் கைக்கு வந்த பிறகும் அவசரப்படாதீர்கள். கடலுக்குப் போகாதவர் எல்லாரும் தகுதியற்றவர் என்று பொருளல்ல. வயதாகித் தொழிலை விட்டவர், கணவரைக் கடலில் இழந்தவர், கரையில் வலை பின்னிப் பிழைப்பவர் என ஒரு மீனவர் குடும்பத்தில் பல நிலைகளில் மனிதர்கள் இருப்பது, துறை அதிகாரியைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே அந்தத் திட்டத்தின் அரசாணையில் தகுதி எவ்வாறு வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். ஊரை அறிந்த நிருபரின் பயன் இந்த இடத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. வெளியூர் நிருபருக்கு அது வெறும் பெயர் வரிசை. உங்களுக்கோ, எந்தப் பெயர் யாருடைய வீட்டைக் குறிக்கிறது, அந்த வீட்டில் யார் எப்போது துபாய்க்குப் போனார், எந்தப் படகு விற்கப்பட்டுவிட்டது என்பதெல்லாம் தெரியும். எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் தெரியும். தட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் குறிப்பேட்டில் இருக்கட்டும். தகுதி இருந்தும் விடுபட்ட குடும்பங்களையும் தேடிப் பேசுங்கள், ஏனென்றால் செய்தியின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது.

இனி ஊர் நிர்வாகத்தைப் பற்றி. இந்தக் கரையோரக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு உள்ள செல்வாக்கு வெறும் அதிகாரத்தால் வந்ததல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து, தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் அதைச் சுற்றிய குப்பங்களிலும் வீடும் ஆளும் போன பிறகு, நிவாரணப் பொருள்களைப் பங்கிட்டதிலும் யார் எங்கே தங்குவது என்று முடிவு செய்ததிலும் ஊர் நிர்வாகங்களின் பங்கு பெரிது. அந்த நன்றியும் அச்சமும் சேர்ந்துதான், ஊர்க் கட்டுப்பாட்டை மீறக் கூடாது என்ற எண்ணத்தை இன்றும் நிலைக்கவைக்கின்றன. ஆகவே அவர்களைப் பகையாகக் கருதாதீர்கள். அதே சமயம், அவர்களிடம் அனுமதி கேட்கும் நிலைக்கும் போகாதீர்கள்.

என் யோசனை இது. உங்கள் அப்பாவை இடையில் நிறுத்த வேண்டாம். அவர் உங்கள் செய்திக்குப் பொறுப்பாளி அல்ல என்பதை ஊரும் உணர வேண்டும், நீங்களும் உணர வேண்டும். நிர்வாகிகளை அவர்கள் வீட்டுக்கே சென்று, தனித்தனியாக, நீங்களே பாருங்கள். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. இனிமேல் ஊரைப் பற்றி எழுதும்போது அச்சுக்குப் போகும் முன்பே அவர்களிடம் கேள்வி கேட்பீர்கள் என்றும், அவர்கள் சொல்லும் விளக்கம் செய்தியில் இடம்பெறும் என்றும் சொல்லுங்கள். நீங்கள் எதை எழுத மாட்டீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: ஒரு வீட்டின் சண்டை, காதல், கடன், குடி, ஊர்க் கூட்டத்தில் இருவர் சமாதானமாகிப்போன தகராறு. பொதுப் பணம், பொது நிலம், குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் நிலையம், கடற்கரையில் நடக்கும் கட்டுமானம் ஆகியவற்றை எழுதுவீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பெரும்பாலான நிர்வாகிகளுக்கு இது புரியும். ஓரிருவர் ஏற்க மாட்டார்கள்; பரவாயில்லை. அவர்கள் சினம் கொண்டாலும், உங்களிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாராவது மிரட்டினாலோ, உங்கள் குடும்பத்தை ஊர் விலக்கு செய்வதாகச் சொன்னாலோ, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அன்றே ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தேவைப்பட்டால் காவல் துறைக்கும் புகார் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்க் கூட்டம் பெரும்பாலும் ஆண்களின் கூட்டம். அங்கே நீங்கள் உட்கார முடியாமல் போகலாம். அதனால் குறைபட வேண்டாம். துறைமுகத்தில் விடியும் முன் நடக்கும் ஏலத்தில், உங்கள் அம்மாவோடு கூடை வைத்திருக்கும் பெண்களுக்குத் தெரியாத பொருளாதாரச் செய்தி இந்த ஊரில் கிடையாது. டீசல் விலை ஏறினால் எத்தனை படகு கட்டிக் கிடக்கிறது, மத்தி மீன் வராத மாதத்தில் வட்டிக்கு எவ்வளவு வாங்கினார்கள், பேருந்தில் மீன் கூடையை ஏற்ற மறுக்கும் நடத்துநர் யார் என்பதெல்லாம் அவர்கள் பேச்சில் அன்றாடம் வருகிறது. ஆண் நிருபர்கள் பலர் அந்த இடத்தை ஒரு புகைப்படத்துக்கான இடமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அங்கே பிறந்தவர். அவர்கள் உங்களிடம் மகளாகப் பேசுகிறார்களா, நிருபராகப் பேசுகிறார்களா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "அக்கா, இதை எழுதலாமா, உங்கள் பெயர் போடலாமா" என்ற கேள்வியைக் கேட்காமல் குறிப்பேட்டை மூடாதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நேரடித் தொடர்புள்ள விவகாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலைப் பிரச்சினையை எண்ணிப் பாருங்கள். தமிழகக் கடலில் அந்த வலைக்கு 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்ற கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி தந்தது. இந்தப் பிரச்சினையில் கடலூர்க் கரையில் ஊருக்கு ஊர் நிலைப்பாடு மாறுகிறது. கைகலப்பு வரை போன வரலாறும் உண்டு. உங்கள் அப்பா சிறிய படகில் தொழில் செய்கிறார் என்பதே உங்களை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடும். ஆகவே அந்தச் செய்தி வரும்போது, என் குடும்பம் இதில் ஒரு தரப்பு என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறொருவரை அனுப்பினால் அவருக்கு உதவுங்கள். நீங்களே எழுத வேண்டியிருந்தால், எதிர்த் தரப்பு ஊருக்குப் போய் அவர்கள் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சரியாக எழுதுங்கள்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது நீங்கள் படித்ததுதான். குழந்தையானால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், மற்றவர்க்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றன. சிறிய ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவும் தந்தையின் தொழிலும் பள்ளியின் பெயரும் சேர்ந்தாலே ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

உங்கள் ஊர் அறிவு உண்மையில் உயிரைக் காக்கும் இடம், மழையும் புயலும் வெள்ளமும் வரும் காலம். நம் மாவட்டத்துக்கு அது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்துகொண்டேயிருக்கிறது: 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருமழை, 2024-இல் ஃபெஞ்சல் புயல். அந்த நாட்களில் நம் செய்தித்தாள்கள், கடலூர் துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த எண்ணின் பொருளை எழுதினால் என்ன? ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் ஆபத்தைச் சொல்பவை: கடலில் புயலாக மாறக்கூடிய நிலை இருக்கிறது என்பது ஒன்று, புயல் உருவாகிவிட்டது என்பது இரண்டு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரும் பலத்த காற்றையும் புயலையும் குறித்த உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் புயல் கரையைக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதே கடக்குமா என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். பதினொன்று என்றால் புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். படகுக்காரர்களில் மூத்தவர்களுக்கு இது தெரியும். தாழ்வான தெருவில் குடியிருக்கும் குடும்பத்துக்குத் தெரியாது. அவர்களுக்காக எழுதுங்கள். மழை அளவையும் இப்படியே தெளிவாக எழுதலாம். வானிலை ஆய்வு மையம் தரும் ஒரு நாள் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததே தவிர, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை பெய்தது அல்ல.

2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. ஆனால் நம் பக்கத்துக்கு வந்த பெரிய துன்பம் அதற்குப் பிறகு, ஆற்று வழியாக வந்தது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கொட்டிய மழையால் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2-ஆம் தேதி விநாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையின் கரையோரத்தில் இருந்த நாணமேடும் குண்டு உப்பலவாடியும் தாழங்குடாவும் மூழ்கின. கன அடிக் கணக்கு ஒரு குடும்பத்துக்கு எதையும் சொல்லாது. இவ்வளவு நீர் திறந்தால் எத்தனை மணி நேரத்தில் நம் பாலத்துக்கு வரும், முன்பு இதே அளவு வந்தபோது எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறியது, எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தேவை. இதை ஒரு நல்ல வெயில் நாளில், நீர்வளத் துறைப் பொறியாளரிடமும் ஆற்றங்கரையில் வாழும் முதியவர்களிடமும் கேட்டுத் தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதும் எவராலும் இதைச் செய்ய முடியாது.

அதிகாரிகளின் அறிக்கையை அப்படியே எடுத்து எழுதும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 8-ஆம் தேதி செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்த செய்தி உங்கள் நினைவில் இருக்கும். கேட்டை மூடும்போது வேன் ஓட்டுநர் வற்புறுத்திக் கடந்ததாக ரயில்வே தரப்பின் முதல் விளக்கம் சொன்னது. உயிர் பிழைத்த மாணவரோ, கேட் திறந்தே இருந்தது என்றார். பிறகு கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். முதல் விளக்கத்தை மட்டும் எழுதிவிட்டு நின்றிருந்தால், மருத்துவமனையில் கிடந்த ஓட்டுநரின் மீது பழி நிலைத்திருக்கும். சம்பவ இடத்துக்குப் போகவும், அங்கே இருந்தவரிடம் பேசவும் அரை மணி நேரத்தில் முடிகிற ஒருவர் மாவட்டத்தில் இருப்பதன் அவசியம் இதுதான்.

விளம்பரத்துக்கு வருகிறேன். இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை: நிருபரை விளம்பரம் பிடிக்கச் சொல்வது தவறு. அந்த வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தாலும் தவறுதான். ஆனால் குறைந்த சம்பளத்தில் இருக்கும் ஓர் இளம் நிருபரிடம், மறுத்துவிட்டு வேலையை இழந்துவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முதலில், விளம்பரப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், நீங்கள் எழுதும் துறைகளைச் சேர்ந்த யாரிடமும் கேட்க மாட்டேன் என்றாவது எழுதிக் கொடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும், செய்தியும் விளம்பரமும் ஒரே உரையாடலில் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. செய்தியாளர் சந்திப்பில் யாரேனும் பணம் வைத்த கவர் நீட்டினால், அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு திருப்பி அனுப்புவது என்பது ஒருபோதும் எளிதாக நடப்பதில்லை.

சிப்காட் ஆலைகளிடம் மட்டும் நீங்கள் கண்டிப்பாக விளம்பரம் கேட்கக் கூடாது. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் மக்கள் எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஆலைகளின் நாற்றம் கலந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, தங்கள் புகாரை யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். 2004-இல் அந்தக் கிராமங்களின் மக்களே பயிற்சி பெற்று, வாளியால் செய்த எளிய கருவியில் காற்றின் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் வந்தது என்று குறித்தும் வைத்தார்கள். நிருபர்கள் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியை அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த மக்களிடம் போய் உட்காருவதற்கு முன்பு, நீங்கள் ஆலையின் வரவேற்பறையில் விளம்பரத்துக்காகக் காத்திருந்தவராக இருக்கக் கூடாது. அங்கே செய்தி சேகரிக்கும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆலைக்கும் விதித்த நிபந்தனைகளைப் படியுங்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, அந்த நிபந்தனைகள் அடங்கிய பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும் என்றும், பாதிக்கப்படுபவரும் அக்கறை உள்ளவரும் நியாயமான நேரங்களில் அதைப் பார்வையிடலாம் என்றும் சொல்கிறது. நாற்றம் அடிக்கிறது என்று மட்டும் எழுதினால் மறுப்பறிக்கை வரும். இன்ன நிபந்தனை இருக்கிறது, அது மீறப்பட்டதாக இத்தனை பேர் இன்ன நாளில் புகார் தந்தார்கள், வாரியம் இன்ன பதில் சொன்னது என்று எழுதினால் யாரும் எளிதில் மறுக்க முடியாது.

கடைசியாக, சென்னை. போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டின் வருமானத்துக்கு அந்தச் சம்பளம் அவசியம் என்றால் தயங்காமல் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தரவுகளைக் கையாளவும் காணொளி எடுக்கவும் நல்ல ஆசிரியரின் கீழ் கற்கவும் அங்கே வாய்ப்பு இருந்தால் அதுவும் நல்ல காரணமே. ஆனால் ஊர்க் கூட்டத்தில் கிடைத்த கண்டிப்பிலிருந்து தப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால், இப்போது போகாதீர்கள் என்று உரிமையோடு சொல்வேன். இப்போது கிளம்பினால், அந்தச் செய்தி தவறு என்பதால்தான் ஓடிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிடும்; உங்களுக்கும் அந்த ஐயம் மனத்தில் தங்கிவிடும். அடுத்து அந்த ஊரிலிருந்து எழுத வரும் பெண்ணுக்கும் உங்கள் பெயரைச் சொல்லியே தடை போடுவார்கள்.

வேலைக்கு அழைத்தவர்களிடம் அடுத்த தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை அவகாசம் கேட்டுப் பாருங்கள். அவகாசம் தர மறுத்தால் அந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள். ஊரை அறிந்து எழுதத் தெரிந்தவருக்கு வேறொரு அழைப்பு வரும். தகவல் மனுவை இந்த வாரமே அனுப்பிவிட்டால், முதல் மேல்முறையீடு வரை போனாலும் அடுத்த நிவாரணம் வழங்கும் முன்பு பட்டியல் உங்கள் கைக்கு வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அனுப்பும் முன் மனுவின் ஒரு நகலை உங்கள் ஆசிரியருக்கும் கொடுத்து, இந்தச் செய்தியை நான் தொடர்ந்து எழுதப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அன்று இரவே அப்பாவிடமும் அம்மாவிடமும் அதே நகலைப் படித்துக் காட்டுங்கள்.